ஆதாம் இல்லையென்றால் சிலுவையும் இல்லையா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். தலைப்பில் ‘கிறிஸ்தவர் பரிணாமத்தை ஏற்கலாமா’ என்று போட்டிருக்கிறீர்கள், உள்ளே வேறு விஷயம் இருக்கிறது. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள், வகுப்பில் பார்த்ததை மறுக்க வழியில்லை என்கிறீர்கள். போதகரிடம் போய்க் கேட்டதற்கு, ஆதாம் கதை என்றால் பாவமும் கதை, பாவம் கதை என்றால் சிலுவைக்கு வேலையே இல்லை, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை, அம்மாவிடம் சொல்லவும் பயமாயிருக்கிறது. ஆக, பரிணாமம் உண்மையா என்று நீங்கள் கேட்கவில்லை, அதற்கு உங்களிடமே பதில் இருக்கிறது. ஒரு கல்லை உருவினால் வீடே சரிந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரியில் மரபியல் நடத்துகிறேன். நடுவில் சில வருடம் ஞாயிறு பள்ளியிலும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். விசுவாசி. ஆனால் இறையியல் முறையாகப் படித்தவன் இல்லை, எபிரெயமும் கிரேக்கமும் தெரிந்தவர்கள் எழுதியதை வாசித்துப் புரிந்துகொண்டவன், அவ்வளவுதான். அதனால் உயிரியல் பக்கம் அழுத்தமாகப் பேசுவேன். வேதத்தின் பக்கம் வரும்போது என் குரல் கொஞ்சம் இறங்கும், அதைத் தயக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. இது ஒரே ஒரு முறையை நம்பிச் சொன்ன கணக்கில்லை. சிர்கான் என்ற சின்னப் படிகத்துக்குள் யுரேனியம் மாட்டிக்கொண்டிருக்கும், அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும், இன்னொன்றுக்கு ஏறத்தாழ 70 கோடி போதும். இரண்டும் இரண்டு வெவ்வேறு வகை ஈயமாக மாறுகின்றன. வேகமே வேறான இரண்டு கடிகாரங்கள் ஒரே படிகத்துக்குள் ஓடி, இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால், கடிகாரம் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்வதற்கு ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

உயிர்கள் எல்லாம் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை என்பதும் அதே அளவு உறுதி. புதைபடிவத்தை விட்டுவிட்டு என் துறையிலிருந்தே சொல்கிறேன். எலி, நாய், மாடு எல்லாம் வைட்டமின் சியைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். நமக்கு அது வராது. அதனால்தான் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் ஈறு வீங்கிப் பல் உதிர்ந்து ஸ்கர்வியில் செத்தார்கள். இத்தனைக்கும் அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் மரபணு நம்மிடம் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் எட்டாவதில் உடைந்து கிடக்கிறது, பாதிக்கு மேல் தொலைந்து, மிச்சமும் சிதைந்து. சிம்பன்சியிடமும் ஒராங்குட்டானிடமும் அதே மரபணு உடைந்து கிடக்கிறது, சில சிதைவுகள் எழுத்துக்கு எழுத்து அதே இடத்தில். கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி தயாரிக்க வராது, ஆனால் அதனிடம் உடைந்த விதம் வேறு. விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது பழகின விஷயம்: இரண்டு தாளில் ஒரே சரியான விடை இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டோம், ஒரே வரியில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிப்போம்.

அப்புறம் இரண்டாவது குரோமோசோம். நமக்கு 23 ஜோடி, சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் 24 ஜோடி. ஒரே வம்சம் என்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? நியாயமான கேள்வி, பதில் தப்பாக வந்திருந்தால் பரிணாமத்துக்குப் பெரிய சிக்கலாகியிருக்கும். குரோமோசோமின் இரண்டு முனையிலும் தொப்பி மாதிரி ஆறெழுத்து வரிசை ஒன்று திரும்பத் திரும்ப வரும், அது முனையில்தான் இருக்க வேண்டும். நம் இரண்டாவது குரோமோசோமின் உள்ளே, அந்த வரிசை தலையோடு தலை முட்டிய நிலையில் இருப்பதை 1991-இல் கண்டுபிடித்தார்கள். இது போக, செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடத்துக்குச் சென்ட்ரோமியர் என்று பேர், ஒரு குரோமோசோமுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இதில் வேலை செய்யும் ஒன்றும் செத்துப்போன ஒன்றின் தடமுமாக இருக்கிறது. தனித்தனியாக இருந்த இரண்டு ஒட்டிக்கொண்டுவிட்டன. செய்முறை வகுப்பில் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து ஜோடி சேர்க்கச் சொல்வோம். ஒரு வருடம் சிம்பன்சிப் படத்தையும் கூடவே கொடுத்தேன். முன் வரிசையில் ஒரு மாணவி, சபைப் பிள்ளைதான், சிம்பன்சியின் இரண்டு சின்னத் துண்டுகளை மனிதனின் இரண்டாவதற்குப் பக்கத்தில் முனையோடு முனை வைத்து, பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்துவதை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்து எல்லோரும் போன பிறகு, ‘சார், இதை ஒட்டலாமா’ என்றாள். பசையைக் கொடுத்தேன். வேறு ஒன்றும் பேசவில்லை. உங்கள் கேள்வியை வாசித்தபோது அவள் ஞாபகம்தான் வந்தது.

உறுதியில்லாதவையும் இருக்கின்றன. முதல் உயிர் எப்படி வந்தது என்பதற்கு இன்றைக்கு நல்ல யோசனைகள் இருக்கின்றன, முடிந்த பதில் இல்லை. அது பரிணாமத்துக்கு முந்தின கேள்வியும்கூட. மாற்றங்களில் எவ்வளவு இயற்கைத் தேர்வால் வந்தது, எவ்வளவு வெறும் தற்செயல் நகர்வால் வந்தது என்று உயிரியலாளர்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. ‘நான்’ என்ற உணர்வு மூளைக்குள் எப்படி வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்தச் சண்டைகளைக் காட்டி, பாருங்கள் விஞ்ஞானிகளுக்கே பரிணாமத்தில் சந்தேகம் என்று மேடையில் சொல்கிறவர்கள் உண்டு. குடும்பத்தில் பாகப் பிரிவினைச் சண்டை நடக்கிறது என்பதற்காக அவர்கள் அண்ணன் தம்பியே இல்லை என்று சொல்ல முடியுமா?

எதிர்ப்பக்கத்து மீறலையும் சொல்லியாக வேண்டும். மரபணு மாற்றங்கள் ‘தற்செயல்’ என்று பாடத்தில் வரும். அந்த உயிருக்கு என்ன தேவை என்று பார்த்து மாற்றம் வருவதில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், சோதனையில் காட்ட முடிந்ததும் அவ்வளவுதான். இதற்குப் பின்னால் எந்த நோக்கமும் இல்லை, ஆகவே கடவுள் இல்லை என்று ஒருவர் அடுத்த வரியைச் சேர்த்தால், அந்த வரியை அவர் ஆய்வகத்துக்கு வெளியே வந்து எழுதுகிறார். எழுதட்டும், அது அவருடைய தத்துவம். வேதத்தில் தற்செயல் என்ற எண்ணம் அந்நியமும் இல்லை. நீதிமொழிகளில் ஒரு வசனம்: ‘சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்.’ சீட்டு எப்படி விழுந்தது என்று கணக்குப் போடுகிறவனும் காரியசித்தி யாரால் என்று கேட்கிறவனும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. 139-ஆம் சங்கீதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டேன் என்று தாவீது தாயின் கர்ப்பத்தைப் பற்றிப் பாடுகிறார். கரு எப்படி வளர்கிறது என்று வாரம் வாரமாகப் படம் போட்டுப் பாடம் நடத்துகிறோம், அந்தப் பாடத்தால் சங்கீதம் பொய்யாகிவிட்டது என்று எந்தப் போதகரும் சண்டைக்கு வந்ததில்லை. ஒன்பது மாதத்தில் நடந்தால் பரவாயில்லை, கோடிக்கணக்கான வருடத்தில் நடந்தால் கூடாது என்பதற்கு என்ன காரணம் என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆதியாகமம் ஒன்றாம் அதிகாரம் என்பார்கள். சரி, அங்கேயே போவோம்.

அதை டார்வினுக்குப் பயந்துதான் வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினார்கள் என்று நினைக்காதீர்கள். டார்வின் நூல் வந்தது 1859-இல். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதித் திருச்சபையின் வேத அறிஞர் ஓரிகன், சூரியனே இல்லாமல் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன என்று கேட்டுவிட்டார். நாலாம் நாளில்தானே சூரியன் வருகிறது. மேற்குச் சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு உரை எழுதியபோது எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டது, ஆறு நாள் என்பது நாம் புரிந்துகொள்வதற்கான வரிசை என்ற பக்கம் சாய்ந்தார். வானத்தையும் பூமியையும் பற்றி விசுவாசம் இல்லாதவர்களுக்கே நன்றாகத் தெரிந்த விஷயத்தில், கிறிஸ்தவன் ஒருவன் வேதத்தைக் காட்டி உளறினால், அவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்று அதே உரையில் கவலைப்படுகிறார். இதைச் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் அது நேர்மையில்லை: அதே அகுஸ்தீன் மனிதன் படைக்கப்பட்டு ஆறாயிரம் வருடம்கூட ஆகவில்லை என்றுதான் நம்பினார். அவரை நம் கட்சியில் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆறு நாளை நேரடிப் பொருளில் வாசிப்பது ஒன்றுதான் எப்போதும் இருந்த ஒரே வழி என்பது சரியில்லை, அந்த அளவுக்குத்தான் அவர் சாட்சி.

நீங்களே ஒரு வேலை செய்யுங்கள். ஒன்றாம் அதிகாரத்தையும் இரண்டாம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முதலில் வந்தது என்று பென்சிலால் எண் போட்டுப் பாருங்கள். ஒன்றில் செடி, பிறகு மிருகம், கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து. இரண்டில் நிலத்தில் பயிர் முளைக்கும் முன்பே மனுஷன், பிறகு மரம், பிறகு மிருகங்கள், கடைசியில் பெண். இவற்றைச் சேர்த்து வைத்தவர்களுக்கு எண்ணத் தெரியாதா? தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள் என்றால், வரிசை அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. எது முக்கியம் என்பதற்கு ஒன்றாம் அதிகாரத்திலேயே ஒரு தடயம் உண்டு. சூரியன், சந்திரன் என்ற பெயர்களே அந்த இடத்தில் வராது, ‘பெரிய சுடர்’, ‘சிறிய சுடர்’ என்று மட்டும் வரும். சுற்றியிருந்த ஜனங்களுக்குச் சூரியனும் சந்திரனும் தெய்வங்கள். அவற்றின் பேரைக்கூடச் சொல்லாமல் விளக்கு என்று சொல்லி நிறுத்துகிறார் எழுதியவர். அவர் சண்டை போட்டது அந்த தெய்வங்களோடு. சிர்கான் படிகத்தோடு இல்லை.

இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு, அதில் போகாதீர்கள். ஒரு நாள் என்றால் ஒரு யுகம் என்று வைத்துக்கொண்டால் விஞ்ஞானம் சொல்வது அப்படியே வேதத்தில் இருக்கிறது என்பார்கள். பொருந்தாது. கனிதரும் மரம் சூரியனுக்கு முன்னால் வருகிறது, பறவை நிலத்து மிருகத்துக்கு முன்னால் வருகிறது. பாறையில் இருப்பது வேறு வரிசை. பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் பெருவெடிப்பைப் படைப்புக்குச் சான்று மாதிரிப் பேசியபோது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. கொள்கை நாளைக்கு மாறலாம், விசுவாசத்தை அதன்மேல் ஏற்றி வைக்காதீர்கள் என்பது அவர் கவலை. எனக்கு ரொம்பப் பிடித்த குரு.

போதகர் சொன்னதுதான் கிறிஸ்தவத்தின் ஒரே நிலை என்று தோன்றியிருக்கும். அப்படியில்லை. டார்வினுக்காக அமெரிக்காவில் முதலில் வாதாடியவர் ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரே, நல்ல விசுவாசி. வேதத்தில் பிழையே கிடையாது என்ற கொள்கைக்காக வாழ்நாளெல்லாம் எழுதிய பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்ஃபீல்டு, பரிணாமத்துக்குக் கதவைச் சாத்தவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் 1950-இல் உடலின் தோற்றம் பற்றிய பரிணாம ஆய்வுக்கு அனுமதி வந்தது, ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்ற நிபந்தனையோடு. 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். பூமி சில ஆயிரம் வருடம்தான், பாறை அடுக்கெல்லாம் நோவாவின் வெள்ளத்தால் வந்தது என்ற இன்றைய இயக்கம் பெரிதாக வளர்ந்தது 1961-க்குப் பிறகு. பரிணாம உயிரியலைக் கட்டியவர்களில் டோப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் சபை, ஃபிஷர் ஆங்கிலிக்கன், மனித ஜீனோம் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் நாத்திகராக இருந்து விசுவாசத்துக்கு வந்தவர். பெரிய மனிதர்கள் நம்பினார்கள் என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே தலைக்குள் இருக்கவே முடியாது என்று சொல்கிறவருக்கு இவ்வளவு தலைகள் போதும்.

இதுவரை சுலபமான பகுதி. ஆறு நாள் விஷயம் உண்மையில் பெரிய சிக்கலே இல்லை, அதிலேயே நின்றுகொண்டு எல்லாம் சமாதானமாகிவிட்டது என்று முடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். உங்கள் போதகர் கை வைத்தது சரியான இடத்தில்தான். ஆதாம்.

மரபியல் இங்கே சொல்வது தெளிவு. இன்றைக்கு நம்மிடம் இருக்கிற மரபணு வேறுபாடுகளின் அளவைப் பார்த்தால், கடந்த சில லட்சம் ஆண்டுகளில் மனித இனம் எந்தக் கட்டத்திலும் இரண்டே பேராகச் சுருங்கியதாகத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில்தான் இருந்திருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கிற மக்களிடம் அழிந்துபோன இன்னொரு மனித வகையான நியாண்டர்தாலின் டி.என்.ஏ வேறு 1 முதல் 2 சதவீதம் இருக்கிறது. ரோமருக்கு எழுதின நிருபம் ஐந்தாம் அதிகாரத்திலோ, ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்துக்குள் வந்தது என்கிறார் பவுல். இதை வைத்துக்கொண்டு விசுவாசிகள் போகிற வழிகள் முக்கியமாக மூன்று. ஆயிரக்கணக்கானவர்கள் நடுவில் கடவுள் ஒரு ஜோடியையோ ஒரு கூட்டத்தையோ அழைத்து, எல்லோர் சார்பிலும் நிறுத்தினார், அவர்கள் தவறினார்கள் என்பது ஒன்று. பவுல் சொல்வது பிரதிநிதித்துவம், இரத்த சம்பந்தம் இல்லை என்பது இதன் பலம், வசனத்தில் அப்படிச் சொல்லவில்லையே என்பது பலவீனம். இரண்டாவது, ஆதாமும் ஏவாளும் நிஜமாக இருந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் வெளியே இருந்தவர்களோடு கலந்தார்கள், வம்சாவளிக் கணக்குப்படி சில ஆயிரம் வருடத்தில் எல்லோருக்குமே அவர்கள் மூதாதையர் ஆகிவிடலாம், நம்மிடம் அவர்கள் டி.என்.ஏ ஒரு துளிகூட மிச்சமில்லாமல் போயிருந்தாலும். கணக்கில் இது தப்பில்லை. ஆனால் தோட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் யார், அவர்கள் தேவசாயலில் இருந்தார்களா என்று ஒரு மாணவன் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்றாவது, ஆதாம் என்ற எபிரெயச் சொல்லுக்கே மனுஷன் என்றுதான் அர்த்தம், நிலத்துக்கு அதாமா, மண்ணிலிருந்து வந்தவன் என்ற சொல்விளையாட்டு, ஆகவே அது நம் ஒவ்வொருவர் கதையும் என்பது. எனக்கு மனசு இங்கேதான் போகிறது, ஆனால் பவுல் தன் காலத்து எல்லோரையும் போல ஆதாமை நிஜ மனுஷனாகவே நினைத்தார் என்று தோன்றுவதால் முழு நிம்மதியோடு போகவில்லை.

இந்த வசனத்தில் இன்னொரு சமாசாரம் உண்டு. ஆதாமின் குற்றமே நமக்கு ஒட்டிக்கொண்டு வந்தது என்ற போதனைக்கு அகுஸ்தீன் இதே வசனத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பை ஆதாரமாக எடுத்தார், அதில் ‘அவனுக்குள் எல்லோரும் பாவஞ்செய்தார்கள்’ என்று படிக்க இடம் இருந்தது. நம் தமிழ் வேதத்தைத் திறந்து பாருங்கள், ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்’ என்று இருக்கும். கிரேக்கம் தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் இதுவே சரி என்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் முதலான கிழக்குச் சபைகள் பிறவிக் குற்றம் என்ற அந்தப் போதனையை எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை, அதனால் அவர்கள் சிலுவையை விட்டுவிடவும் இல்லை. போதகர் சொன்ன சங்கிலியில் முதல் கண்ணி அவர் நினைக்கிற அளவுக்கு இறுக்கமில்லை.

அடுத்தது மரணம், வேதனை. எனக்கு ஆதாமைவிட இதுதான் பெரிய பாரம். மனிதன் வருவதற்கு முன்பே கோடிக்கணக்கான வருடம் உயிர்கள் ஒன்றையொன்று தின்று, நோயில் விழுந்து, இனம் இனமாக அழிந்திருக்கின்றன. டார்வின் 1860-இல் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குளவியைச் சொல்கிறார்: உயிரோடிருக்கும் புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் அதை உள்ளிருந்து தின்று வளரும், நல்ல கடவுள் இதை வேண்டுமென்றே படைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று. அந்தக் கடிதத்துக்கு ஒன்பது வருடம் முன்பு, பத்து வயது மகளை நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தக் கடிதத்தை வாதமாக மட்டும் என்னால் வாசிக்க முடிவதில்லை. மரணம் என்றால் ஆவிக்குரிய மரணம், புசிக்கும் நாளில் சாகவே சாவாய் என்று சொல்லப்பட்ட ஆதாம் 930 வருடம் இருந்தானே என்று ஒரு பதில் உண்டு. 104-ஆம் சங்கீதத்தில் சிங்கக்குட்டிகள் இரைக்காகத் தேவனை நோக்கிக் கெர்ச்சிக்கின்றன, வேட்டை அங்கே சாபமாகச் சொல்லப்படவில்லை என்று இன்னொரு பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, இரண்டும் அந்தப் புழுவுக்குப் போதாது. ரோமர் எட்டில் சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று வருகிறதே, அந்த வரியோடுதான் நான் இருக்கிறேன். அது விளக்கம் தரவில்லை. வேதனையை இல்லை என்று சொல்லவுமில்லை. இன்னொன்று, பூமிக்கு ஆறாயிரம் வருடம் என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் குளவி இன்றைக்கும் அதையேதான் செய்துகொண்டிருக்கும். பரிணாமத்தை மறுத்தால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

என்னோடு படித்த ஒருவன் சபையில் என்னைவிட ஆர்வமாக இருந்தவன். இளைஞர் கூட்டத்துக்கு வந்த ஒரு பேச்சாளர் உங்கள் போதகர் சொன்ன அதே சங்கிலியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருடம் கழித்து நூலகத்தில் அவன் அதை நேர்மையாக இழுத்துப் பார்த்தான். அறுந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டான், ஜெபம், ஊழியம், அப்பா அம்மாவோடு பேச்சு உட்பட. அவனை மாற்றியது டார்வின் என்று சபையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சாளர்மேல்தான் கோபம்.

பவுலே இன்னொரு சங்கிலி வைத்திருக்கிறார், கொரிந்தியர் முதல் நிருபம் பதினைந்தாம் அதிகாரத்தில்: ‘கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா.’ இதுதான் உருவக்கூடாத கல் என்று அவர் கை வைத்துக் காட்டுகிறார். முதல் சீஷர்கள் ஆதாமில் ஆரம்பித்துச் சிலுவைக்கு வரவில்லை. காலியான கல்லறையிலிருந்து திரும்பிப் பார்த்துத்தான் ஆதாமைப் புதிதாக வாசித்தார்கள். பாவம் இருக்கிறது என்று நம்புவதற்கும் எனக்குப் புதைபடிவம் எதுவும் தேவைப்பட்டதில்லை, என் சொந்த ஞாபகமே தாராளம். உயிர்த்தெழுதல் நடந்ததா என்று மரபியல் சொல்லாது, நானும் இங்கே நிரூபிக்கப் போவதில்லை. யோசித்த பிறகு நீங்கள் விசுவாசத்தை விட்டுவிடவும் கூடும், டார்வினும் கடைசியில் தன்னை அறியொணாவாதி, அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்கிறவர், என்றுதான் சொல்லிக்கொண்டார். அப்படியே முடிவு செய்தாலும் அந்தக் கல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குரோமோசோமைப் பார்த்து வேண்டாம்.

நடைமுறைக்கு வருவோம். தேர்வில் கேட்டதற்குத் தெரிந்ததை எழுதுங்கள், அதில் மறுதலிப்பு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் இப்போதே பரிணாமம் பேசியாக வேண்டும் என்றில்லை, ஜெபிக்கக் கஷ்டமாயிருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள், அதைக் கேட்க அவருக்கு விலங்கியல் தெரிய வேண்டாம். போதகரிடம் மறுபடி போனால் சிம்பன்சியில் தொடங்காதீர்கள், ரோமர் ஐந்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். அவர் பயம் அங்கேதான் இருக்கிறது, அது வீண் பயமும் இல்லை. ஆதாமைப் பற்றிய மூன்று வழிகளையும் சொல்லி, இவற்றில் எதை அவரால் சகித்துக்கொள்ள முடியும் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றையும் தள்ளிவிட்டால் ஏன் என்று கேளுங்கள், அவர் சொல்கிற காரணத்தை இங்கே வந்து எழுதுங்கள். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.